ஆவின் கால் முறிவு: கட்டு முறையும் அறுவை முறையும்

1. முன்னுரை

மருத்துவ வரலாறு எனப்படுவது பெரும்பாலும் மக்கள் மருத்துவத்தின் வரலாறாகவே எழுதப்பெற்று வந்துள்ளது. விலங்கு மருத்துவம் பற்றிய செய்தி அதன் ஓரத்தில் ஒரு சிறு குறிப்பாக நின்றுவிடும். அவ்விலங்கு மருத்துவத்துள்ளும் கொள்ளை நோய்களைப் பற்றிய எழுத்துகளே மிகுதி. நுகத்திற் பூட்டிய எருதொன்று பள்ளத்தில் கால் இடறி எலும்பு முறிந்து வீழ்ந்ததாயின், அதற்கு யாது செய்தனர், அது பிழைத்து எழுந்ததா என்பனவற்றை எழுதி வைத்தோர் மிகச் சிலரே. ஆயினும், உழவையும் பாலையும் வண்டியையும் நம்பி வாழ்ந்த குடிக்கு அம்முறிவு ஒரு பருவத்து விளைவையே அழிக்கவல்ல இடராகும். ஆதலின், மாட்டின் என்பு முறிவைத் தீர்க்க மனிதன் கண்ட வழிகளின் வரலாறு வேளாண் குடியின் வரலாற்றில் ஒரு கூறே எனலாம்.

இப்பொருள் பற்றிப் பேசப் புகுவோரிடம் இருவகைக் கருத்துகள் காணப்படுகின்றன. எலும்பைத் திறந்து செய்யும் அறுவை உட்பட எல்லா மருத்துவமும் பண்டே நம்மவர்க்குத் தெரிந்திருந்தது என்பது ஒன்று. நாட்டுப்புறத்தார் மூங்கிலும் துணியும் வைத்துக் கட்டிய கட்டு வெறும் குருட்டுப் பழக்கம் என்பது மற்றொன்று. இரண்டும் சான்றுகளை நோக்காது எழுந்தவை. பெருமை கூறுதல் வேறு. வரலாறு கூறுதல் வேறு. இழித்துக் கூறுதலும் வரலாறாகாது.

கட்டு முறை மிகப் பழமையானது, காரண காரியத்தோடு பொருந்தியது என்பதும், எலும்பினுள் உலோகத்தைச் செலுத்திப் பிணிக்கும் அறுவை முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பின் உருப்பெற்றது என்பதும், அது மாட்டினிடம் வந்து சேர மேலும் பல்லாண்டுகள் கடந்தன என்பதும் இக்கட்டுரையில் காட்டப்பெறும். அக்காலத்தாழ்வுக்குக் காரணம் கைத்திறக் குறைவு மட்டுமன்று. மாட்டின் உடலமைப்பும், மனிதன் மாட்டிற்கு இட்ட மதிப்புமே அதற்குப் பெருங்காரணங்கள் என்பது இக்கட்டுரையின் முடிபு.

2. சொல் தரும் சான்று

முதற்கண் சொற்களை நோக்குவோம். என்பிற்கு நேரும் கேட்டைக் குறிக்கத் தமிழில் முறிவு, ஒடிவு, நொறுங்கல், விரிசல் என்னும் சொற்கள் உள. மூட்டிற்கு நேரும் கேட்டைக் குறிக்கப் பிசகு, நழுவல், சுளுக்கு என்பன உள. எலும்பின் கேடும் மூட்டின் கேடும் வேறு வேறு என்னும் தெளிவு பேச்சு வழக்கிலேயே அமைந்துள்ளது.

கேடு தீர்தலைக் குறிக்கும் வினைகள் இன்னும் கருதத்தக்கவை. புண் ‘ஆறும்’ என்கிறோம். எலும்பு ‘ஆறும்’ என்று கூறுவதில்லை. எலும்பு ‘கூடும்’ அல்லது ‘ஒட்டும்’ என்பதே வழக்கு. ஆறுதல் என்பது வெம்மை தணிதல். கூடுதல் என்பது பிரிந்த இரண்டு ஒன்றாதல். புண்ணிற்கு வேண்டுவது தணிப்பு. முறிவிற்கு வேண்டுவது இரு முனைகளையும் நேர்படச் சேர்த்து அசையாமற் காத்தல். இவ்வேறுபாட்டை உணர்ந்த மக்களே இவ்விரு வினைகளையும் பிரித்து வழங்கியிருத்தல் கூடும்.

இனிக் கருவிப் பெயர்களைக் காண்போம். பிளந்த மூங்கிற் பட்டையைத் தப்பை என்றும் சிம்பு என்றும் கூறுவர். தப்பை வைத்துக் கட்டுதல், சிம்பு வைத்துக் கட்டுதல் என்பன எலும்பு மருத்துவத்திற்கே உரிய வழக்குகளாயின. மருத்துவம் முழுவதற்குமே ‘கட்டு’ என்ற பெயர் அமைந்தது. புத்தூர்க் கட்டு எனத் தமிழகத்தார் அறிந்த பெயரிலும் அச்சொல்லே நிற்கிறது. மேலைநாட்டிலிருந்து வந்த பாரிஸ் சாந்துக் கட்டையும் மக்கள் மாவுக்கட்டு எனத் தம் பழஞ்சொல்லாலேயே அழைத்தனர். புதிய பொருள் பழைய கருத்தினுள் அடங்கியமையால் பழைய சொல்லே போதுமாயிற்று.

அறுவை முறையின் கருவிகளுக்கோ தகடு, ஆணி, திருகாணி, கம்பி, சட்டம் என்னும் சொற்களே வழங்குகின்றன. இவற்றுள் ஒன்றும் மருத்துவத்திற்கு உரியதன்று. இவை கொல்லன் பட்டறையிலிருந்தும் தச்சன் பட்டறையிலிருந்தும் அண்மைக் காலத்தே கடன் கொள்ளப்பட்டவை. ஒரு சொல் இன்மை மட்டும் ஒரு பொருள் இன்மைக்கு முடிந்த சான்றாகாது. ஆயினும் கட்டு முறைக்குரிய சொற்கள் வேரூன்றி நிற்க, அறுவை முறைக்குரியன யாவும் இரவற் சொற்களாக இருத்தல் எது பழையது, எது புதியது என்பதை ஒருவாறு காட்டுகின்றது.

3. பழஞ்சான்றுகள்

பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டு, போரிற் புண்பட்ட வீரரின் மார்பை நீண்ட வெண்ணிற ஊசியால் தைத்த வடுவைக் கூறுகிறது. நீருள் பாய்ந்து மேலெழும் மீன்கொத்தியின் இயக்கம் அவ்வூசிக்கு உவமையாகின்றது. தையலின் இயக்கத்தை நேரிற் கண்டவனே இவ்வுவமையை அமைத்திருத்தல் வேண்டும். புண்ணைத் தைக்கும் அறுவை பழந்தமிழர் அறிந்தது என்பதற்கு இது தக்க சான்று. ஆயின், இச்சான்று மக்கட்குரியது. தோலையும் தசையையும் தைப்பதைக் கூறுவது. இதனைக் கொண்டு எலும்பைத் திறந்து பிணித்தனர் எனக் கூறுதல் சான்றின் எல்லையைக் கடத்தலாகும்.

மாட்டைப் பற்றிய புகழ்பெற்ற செய்தி ஒன்று உண்டு. சோழ இளவரசனின் தேர்க்காலில் ஆன்கன்று ஒன்று அகப்பட்டு இறந்ததும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததும் சிலப்பதிகாரத்தாலும் பெரியபுராணத்தாலும் அறியப்படுவன. அக்கதை நீதியைப் பற்றியது, மருத்துவத்தைப் பற்றியதன்று. எனினும், ஆனுக்கு நேர்ந்த கேடு அரசன் அவைக்கு வரத்தக்க முறையீடு என்னும் கருத்து அதனுள் அடங்கியுள்ளது. விலங்கின் துன்பத்திற்கு மதிப்பிடும் இம்மனப்பாங்கு மருத்துவம் வளர்தற்கு வேண்டிய நிலைக்களமாகும்.

கல்லிற் பொறித்த சான்று இதனினும் தெளிவானது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் வெட்டுவித்த பெரும்பாறைக் கட்டளைகளுள் இரண்டாவது, மக்களுக்கு ஒன்றும் விலங்குகளுக்கு ஒன்றுமாக இருவகை மருத்துவம் ஏற்படுத்தப்பட்டதைக் கூறுகிறது. மருந்துச் செடிகள் இல்லாத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து நடச் செய்ததையும் அது குறிக்கின்றது. தம் நாட்டிலேயன்றி எல்லைப்புற நாடுகளிலும் இவை செய்யப்பட்டதாகக் கூறுமிடத்துச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி என்னும் பெயர்கள் வருகின்றன. கட்டளையில் மருந்துச் செடி உண்டு, கருவி இல்லை. அர்த்தசாத்திரத்தில் ஆனிரைக் கண்காணிப்பாளனுக்கு உரிய பகுதியோ, இளங்கன்றுகளுக்கும் முதிர்ந்தவற்றிற்கும் நோயுற்றவற்றிற்கும் மருத்துவம் செய்தல் ஆயர் கடமை என விதிக்கின்றது. மருத்துவன் தனியே இலன், மேய்ப்பவனே மருத்துவன். இந்நிலை ஊர்ப்புறங்களில் நெடுங்காலம் நீடித்தது.

எலும்பு முறிவைப் பகுத்து ஆராய்ந்த இந்திய நூல்களுட் சிறந்தது சுசுருத சம்கிதை. அது முறிவைப் பன்னிரண்டாகவும் மூட்டு நழுவலை ஆறாகவும் வகுக்கிறது. ஆல், அத்தி, அரசு, மருது, மூங்கில் முதலியவற்றின் பட்டைகளைத் தப்பையாகக் கொள்ளச் சொல்கிறது. கட்டு நெகிழ்ந்திருந்தால் எலும்பு நிலைபெறாது. இறுகியிருந்தால் வீக்கமும் நோவும் சீழும் தோன்றும். ஆதலால் இடைப்பட்டதாகக் கட்டுக என்பது அதன் நெறி. கட்டை மாற்றுதற்குக் குளிர்காலத்தில் ஏழு நாளும், மிதமான காலத்தில் ஐந்து நாளும், வெயிற்காலத்தில் மூன்று நாளும் எல்லை. எலும்பு கூட இளமையில் ஒரு திங்களும், நடுவயதில் அதனினும் இருமடங்கும், முதுமையில் மும்மடங்கும் ஆகும் என்கிறது. இவை யாவும் மக்கட்கு உரைத்தவையே. எனினும் கட்டின் இலக்கணத்தைக் காட்டுவன.

4. கட்டின் இயல்பும் எல்லையும்

ஊர்ப்புறத்தில் மாட்டின் கால் முறிந்தால் கட்டுப்போடுவோர் செய்தது யாது? மாட்டைக் கயிறிட்டு மெல்லச் சாய்ப்பர். ஒருவர் தலையை அழுத்திப் பிடிக்க, ஒருவர் குளம்பைப் பற்றி இழுக்க, கட்டுவோர் விரல்களால் தடவி முனைகளை நேர்ப்படுத்துவர். முட்டையின் வெண்கருவோ உளுந்து மாவோ தோய்த்த துணியைச் சுற்றி, அதன்மேல் தப்பைகளை நாற்புறமும் அடுக்கிக் கயிற்றால் பிணிப்பர். வெண்கருவும் மாவும் உலர்ந்து இறுகித் துணியை ஓடுபோல் ஆக்கும். 1852இல் டச்சுப் படை மருத்துவர் அந்தோனியுசு மாதைசென் வெளியிட்ட பாரிஸ் சாந்துக் கட்டின் தத்துவமும் இதுவே. பொருள் மேம்பட்டது, கருத்து மாறவில்லை.

கட்டுக்குத் துணையாகப் பிரண்டையை உள்ளும் புறமும் பயன்படுத்தினர். கணுக்கணுவாக அமைந்த அதன் நாற்கோணத் தண்டு, எலும்பையும் மூட்டையும் நினைவூட்டுவது. வடமொழியிலும் எலும்பைக் கூட்டுவது என்னும் பொருள்படும் பெயர் அதற்கு உண்டு. உருவ ஒப்புமையால் எழுந்த நம்பிக்கை இது எனத் தள்ளிவிடாமல், 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பா, பிரசாத் ஆகிய அறிஞர்கள் ஆய்வு விலங்குகளிடத்து இதனைச் சோதித்தனர். முறிவு விரைந்து கூட இஃது உதவுவதாக எழுதினர். ஆயினும் எம்மருந்தும் கோணிய எலும்பை நேராக்காது. அசையும் முனைகளை நிறுத்தாது. மருந்து துணையே, கட்டே முதல்.

கட்டுக்கு ஓர் அடிப்படை விதி உண்டு. முறிவிற்கு மேலுள்ள மூட்டும் கீழுள்ள மூட்டும் ஒருங்கே அசையாதிருத்தல் வேண்டும். முழங்காலுக்கும் குளம்புக்கும் இடைப்பட்ட நீண்ட எலும்பு முறிந்தால் இவ்விதியை நிறைவேற்றலாம். மாட்டினத்தில் மிகுதியாக முறிவதும் அவ்வெலும்பே. கருவில் இரண்டாகத் தோன்றிப் பின் ஒன்றாக இணைந்த எலும்பு அது. தோலுக்கு அணித்தாய்த் தசைப்போர்வை இன்றி இருத்தலின் கையால் தடவி நேர்ப்படுத்தற்கும் எளிது. ஈன முடியாது தவிக்கும் பசுவின் கன்றை முன்னங்காலிற் கயிறு பூட்டி வலிந்து இழுக்கும்போது கன்றின் இவ்வெலும்பு முறிதல் உலகெங்கும் அறியப்பட்டது. கன்று பெருத்திருப்பின் இவ்விடர் பெருகும்.

தொடையெலும்பு முறிந்தாலோ கட்டு பயன்படாது. அதன் மேல்மூட்டு உடலினுள் புதைந்துள்ளது. அதனைச் சுற்றிக் கட்டுவதற்கு இடமில்லை. கீழே கட்டிய கட்டு, பாரமாகத் தொங்கி முறிவை மேலும் அசைக்கும். தோலைக் கிழித்து எலும்பு வெளிவந்த முறிவிலோ, கட்டினுள் சீழ் பிடித்தல் எளிது. இறுக்கிய கட்டினால் குருதியோட்டம் நின்று குளம்பு கழன்று வீழ்தலும் உண்டு. இவ்வெல்லைகளைக் கட்டுப்போடுவோரும் அறிந்திருந்தனர். எல்லைக்கு அப்பால் செல்ல வழி இல்லாமையே குறை.

5. மேலைநாட்டில் அறுவை எழுந்த வரலாறு

கிரேக்கரும் இவ்வெல்லைக்குள்ளேயே நின்றனர். இப்போகிரேத்தசின் பெயரால் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூலில் சுவையான ஒரு பகுதி உண்டு. குளிர்காலக் கடைசியில் மாடுகள் மெலிந்திருக்கும் காலத்தில் அவற்றின் மூட்டு எளிதில் நழுவும் என்று கூறி, அம்மெலிவை நன்குணர்ந்த புலவர் என ஓமரை அந்நூலாசிரியர் சான்று காட்டுகிறார். மருத்துவன் மாட்டைப் பற்றிப் பேசப் புலவனைத் துணைக்கு அழைத்த இவ்விடம், இலக்கிய மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது.

விலங்கு மருத்துவத்தைக் கற்பிக்கும் முதற் பள்ளி பிரான்சின் லியோன் நகரில் 1762இல் குளோது பூர்கெலா என்பவரால் திறக்கப்பட்டது. ஐரோப்பாவின் ஆனிரைகளை அழித்து வந்த வெக்கை நோயே அதற்குத் தூண்டுகோல். நம் நாட்டில் 1889இல் புனாவில் தொடங்கப்பெற்றுப் பின் முக்தேசுவரத்திற்கும் இசத்நகருக்கும் பரவிய ஆய்வுக்கூடமும் கொள்ளை நோயின் பொருட்டே பிறந்தது. இவ்வொற்றுமை பொருள் பொதிந்தது. ஊர் ஊராக மந்தை மடிந்தால் அரசின் வருவாய் குன்றும்; ஆதலின் அரசு முன்வந்தது. ஒற்றை மாட்டின் கால் முறிந்தால் குன்றுவது ஒரு குடியின் வாழ்வு மட்டுமே. மந்தையின் நோய்க்கு நிறுவனம் வந்தது. ஒற்றை மாட்டின் காலுக்கு ஊர்க் கட்டுக்காரரே எஞ்சினர்.

எலும்பைத் திறந்து பிணிப்பதற்கு நான்கு பேறுகள் வேண்டும். நோவை அடக்குதல் ஒன்று: ஈதர் 1846இலும் குளோரோபாம் 1847இலும் வழக்கிற்கு வந்தன. சீழைத் தடுத்தல் இரண்டு: கார்பாலிக் அமிலத்தால் திறந்த முறிவைத் தூய்மை செய்த லிஸ்டரின் முறை 1867இல் வெளியாயிற்று. உள்ளே காணுதல் மூன்று: இராண்டுகன் 1895இல் ஊடுகதிரைக் கண்டார். உடலோடு பகையாத உலோகம் நான்கு: துருவேறா எஃகு முதலியன 20ஆம் நூற்றாண்டின் ஆக்கங்கள். இந்நான்கும் கூடுமுன் எலும்பைத் திறத்தல் உயிரை இழத்தற்கே வழியாகும். முன்னோர் திறவாமை அறியாமையால் மட்டும் அன்று. திறந்தால் நேர்வதை அறிந்தமையாலும் ஆகும்.

பெல்சியத்தைச் சார்ந்த அல்பின் லாம்போத்து எலும்பிற்குத் தகடு பொருத்தியதோடு, 1902இல் தோலுக்கு வெளியே நிற்கும் சட்டத்தை எலும்பிற் பதித்த கம்பிகளோடு இணைத்தார். 1940இல் செர்மானியர் கூன்ச்சர், எலும்பின் மச்சைக்குழலினுள் நீண்ட எஃகு ஆணியைச் செலுத்தும் முறையை அறிவித்தார். அதனை முதலில் நாய்களிடத்துச் சோதித்திருந்தார். அமெரிக்க விலங்கு மருத்துவர் ஆட்டோ ஸ்டேடர் 1930களில், கட்டைக் கடித்தெறியும் நாய்களுக்கென ஒரு புறச்சட்டம் அமைத்தார். அது பின்னர் மக்கள் மருத்துவமனைக்குச் சென்று, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையினரின் கால்களைக் காத்தது. மருத்துவ அறிவு மனிதனிடமிருந்தே விலங்கிற்குச் செல்லும் என்னும் எண்ணத்தை இந்நிகழ்ச்சி மறுக்கின்றது.

1958இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் முல்லர், ஆல்கோவர், வில்லனெகர் முதலிய மருத்துவர்கள் எலும்பிணைப்பு ஆய்வுக்கென ஒரு குழுவை நிறுவினர். எலும்பை உள்ளபடி நேர்படுத்தல், உறுதியாகப் பிணித்தல், குருதியோட்டத்தைக் காத்தல், விரைந்து இயங்கச் செய்தல் என்பன அவர்தம் நாற்கொள்கை. 1969இல் அக்குழுவின் விலங்கு மருத்துவக் கிளை தோன்றிற்று. பெருவிலங்குகளின் எலும்பு அறுவை ஒழுங்குபட்ட கல்வியாக வளர்ந்தது அதன் பின்னரே.

6. மாட்டினிடம் வரத் தாழ்ந்தமை ஏன்?

முதற் காரணம் உடலமைப்பு. வளர்ந்த மாட்டின் எடை நானூறு, ஐந்நூறு கிலோ ஆகும். அறுவை முடிந்த அன்றே அது எழுந்து நிற்க வேண்டும். நெடுநாள் படுத்தால் கீழ்ப்புறத் தசையும் நரம்பும் நசுங்கும். சுசுருதர் கால் முறிந்த மனிதனைப் பலகையிற் கிடத்தி ஐந்து முளைகள் அறைந்து அசையாமற் பிணிக்கச் சொன்னார். மாட்டை அங்ஙனம் பிணித்துக் கிடத்தல் இயலாது. ஆதலின் அதன் எலும்பைப் பிணிக்கும் உலோகம் முதல் நாளிலிருந்தே முழுப் பாரத்தையும் தாங்கவேண்டியதாகிறது. மனிதனுக்கு அமைத்த தகடும் ஆணியும் அப்பாரத்தில் வளைந்தன.

மயக்கமும் இடராயிற்று. மாடு அசைபோடும் விலங்கு. அதன் பெருவயிற்றில் நீரும் தீனியும் புளித்துக் காற்றை எழுப்பிக்கொண்டே இருக்கும். மயங்கிக் கிடக்குங்கால் அக்காற்று வெளியேறாது வயிறு உப்பி மூச்சை அடைக்கும். தீனி மேலெழுந்து மூச்சுக்குழலிற் புகும். 1962இல் செர்மனியில் ஆக்கப்பெற்ற சைலசீன் என்னும் மருந்து பின்னர் மாட்டு மருத்துவத்தில் பெரிதும் பயன்பட்டது. குதிரைக்கு வேண்டும் அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே மாட்டிற்குப் போதும். அதனோடு உறுப்பை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியும் சேர, பட்டினியிட்டு ஆயத்தம் செய்த மாட்டை அறுத்தல் முன்னையினும் எளிதாயிற்று.

இரண்டாம் காரணம் மதிப்பு. மேலைநாட்டில் கால் முறிந்த மாட்டிற்கு இறைச்சி விலை உண்டு. அறுவையின் செலவு அவ்விலையை மிஞ்சுமாயின் இறைச்சிக் கடையே முடிவாகும். ஆதலின் உயர்ந்த இனக் காளைக்கும் விலைமிகுந்த கறவைக்குமே அறுவை வாய்த்தது. இந்தியாவில் நிலை வேறு. அரசியலமைப்பின் 48ஆம் பிரிவு பசு, கன்று, கறவை, உழவு மாடுகளின் கொலையைத் தடுக்க முயலுமாறு அரசை நெறிப்படுத்துகிறது. 1958ஆம் ஆண்டுச் சென்னை மாநில விலங்குப் பாதுகாப்புச் சட்டமோ, பத்து வயது கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்திற்கும் உதவாத மாட்டையும், காயம், ஊனம், தீரா நோய் என்பனவற்றால் என்றும் உழைக்க இயலாததான மாட்டையும் கொல்லுதற்குச் சான்றிதழ் வழங்க இடந்தந்தது. எனவே, முறிவு கூடுமா, கூடாதா என்னும் மருத்துவ வினா, ஒரு விலங்கு வாழலாமா என்னும் சட்ட வினாவாயிற்று. காயம் தீர்க்கத்தக்கதாயின் அது என்றும் நிற்கும் ஊனம் ஆகாது. அறுவையின் வளர்ச்சி சட்டச் சொல்லின் பொருளையே மாற்றவல்லது என்பது இதனால் விளங்கும்.

எனினும் மாட்டிற்குச் சில நற்பேறுகளும் உள. குதிரையைப்போல் அது கட்டைக் கண்டு மருண்டு உதைப்பதில்லை, பொறுமையுடையது. நாளிற் பெரும்பகுதி படுத்து அசைபோடுவதால் முறிந்த காலுக்கு ஓய்வு கிட்டும். எலும்பின் மேற்போர்வை புதிய எலும்பை வளமாக ஆக்கும். கன்றின் முறிவு நான்கு முதல் ஆறு வாரத்திற் கூடும். வளர்ந்த மாட்டிற்கு இருமடங்கு காலம் வேண்டும். வயதிற்கேற்ப மடங்காகும் காலத்தைச் சுசுருதர் மக்களுக்குக் கூறியது ஈண்டு நினையத்தக்கது.

7. கட்டும் அறுவையும் கூடிய நிலை

இன்று மாட்டின் முறிவைத் தீர்க்கும் முறைகளை நோக்கின், அறுவை கட்டை வென்று அகற்றவில்லை என்பது தெரியவரும். கீழ்க்காலின் மூடிய முறிவுக்குக் கண்ணாடியிழையாலான கட்டே முதல் மருத்துவம். வளரும் கன்றிற்கு அதனை மூன்று வாரத்திற்கு ஒருமுறை மாற்றுவர். கால் வளர வளரப் பழங்கட்டு இறுகும் என்பது காரணம். பிறந்த கன்றின் எலும்புச் சுவர் மெல்லியதாதலின் திருகாணி அதிற் பற்றாது பிடுங்கிக்கொள்ளும். ஆங்குத் தகடு தோற்க, கட்டே வெல்கிறது.

கட்டு எட்டாத தொடையெலும்பிற்கு மச்சைக்குழலுள் பல ஆணிகளை ஒருங்கே அடுக்கிச் செலுத்துவர்; எடை மிகுந்தவற்றிற்குக் குறுக்குத் திருகாணியாற் பூட்டிய ஆணியையோ தகட்டையோ பொருத்துவர். இடைப்பட்ட முறிவுகளுக்கு அமைந்த முறையே வரலாற்று நோக்கிற் சிறந்தது. முறிவிற்கு மேலுள்ள நல்லெலும்பின் ஊடே எஃகுக் கம்பிகளைக் குறுக்கே செலுத்தி, அவற்றின் முனைகளைக் கட்டினுள் பதித்துவிடுவர். உடலின் பாரம் எலும்பிலிருந்து கம்பிக்கும், கம்பியிலிருந்து கட்டிற்கும், கட்டிலிருந்து தரைக்கும் இறங்கும். முறிந்த இடம் பாரமின்றி நிற்கும். இது கட்டா, அறுவையா எனின், இரண்டும் ஆம் என்பதே விடை. தப்பை தோலைப் பற்றியது. கம்பி எலும்பைப் பற்றியது. பற்றும் இடம் உள்நோக்கி நகர்ந்ததேயன்றி, நேர்படுத்தல், நிறுத்தல், காத்திருத்தல் என்னும் மூன்று செயல்களும் மாறவில்லை.

1903இல் சென்னையில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி 1936இல் பல்கலைக்கழகப் பட்டக் கல்வியை ஏற்றது. வெக்கை நோய் உலகினின்று ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது. மந்தை நோயின் அச்சம் தணியத் தணிய ஒற்றை விலங்கின் காயம் மருத்துவரின் கருத்தைக் கவர்ந்தது. சைபீரியாவின் குர்கான் நகரில் 1950களில் இலிசாரோவ் மக்களுக்கென அமைத்த வளையச் சட்டத்தை, இசத்நகர் அறிஞர்கள் மாட்டின் எடைக்கு ஏற்ப அமைத்து, கன்றுகளின் மூட்டருகு முறிவுகளைத் தீர்த்து எழுதியுள்ளனர். அதற்குள் உழவில் எருதின் இடத்தை எந்திரம் பெரிதும் கொண்டுவிட்டது. முன்னாளில் ஏருக்காகக் காக்கப்பட்ட கால், இந்நாளில் பாலுக்காகக் காக்கப்படுகிறது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன யாவை? பழஞ்சான்றுகள் கட்டையும் மருந்தையும் தையலையும் காட்டுகின்றன. எலும்பினுள் உலோகம் செலுத்துதலைக் காட்டவில்லை. இல்லாததை உண்டென்பது முன்னோர்க்குச் செய்யும் சிறப்பாகாது. அவர்தம் உண்மைச் சிறப்பு, வாய்த்த கருவிகளைக்கொண்டு எலும்பு கூடுதலின் நெறியைக் கண்டு, அதனை இன்றுவரை மாறாத மூன்று செயல்களாக அமைத்தமையே.

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறது. மாட்டின் முறிவிற்கு இவ்வகுப்பு மிகப் பொருந்தும். மருத்துவரின் பணி ஒரு நாளில் முடிகிறது. அதன்பின் ஆறு வாரமோ பன்னிரு வாரமோ வைக்கோல் பரப்பி, கட்டு நனையாமற் காத்து, கால் வீங்கியதா, கம்பியின் வாயிற் சீழ் கண்டதா என நாடோறும் பார்ப்பவர் தொழுவத்தில் உள்ள குடியானவரே. தான் படும் நோவைச் சொல்லமாட்டாத உயிர் அது. அசையாதே என்று அதற்குக் கூறவும் இயலாது. எனவே நான்காம் கூறாகிய பேணுபவன், மக்கள் மருத்துவத்தினும் மாட்டு மருத்துவத்தில் மிக வேண்டப்படுகிறான். ஆயனே மருத்துவன் என்றிருந்த பழங்காலத்திற்கும் வளையச் சட்டம் பூட்டும் இக்காலத்திற்கும் இடையே அறுபடாது நிற்பது அவனுடைய கையே. அக்கையின் வரலாறு ஏட்டில் மிகக் குறைவாகவே ஏறியுள்ளது. மாட்டு வாகடச் சுவடிகளைப் பதிப்பிப்போரும், வட்டார வழக்குச் சொற்களைத் தொகுப்போரும் கட்டுப்போடுவோரின் சொற்களையும் செயல்முறைகளையும் அவர் வாயிலிருந்தே கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். அவர்கள் உள்ளபோதே செய்யத்தக்க பணி அது.